கொடைக்கானலில் ஏன் பனிச்சறுக்கு இல்லை? ஒரு மலை ஊர் உருவாகும் விதம்

ஜனவரி பிறந்தால் மதுரைக்காரர்களின் வாட்ஸ்அப்பில் தவறாமல் ஒரு படம் சுற்றும். கொடைக்கானல் ஏரியை ஒட்டிய புல்வெளி வெள்ளை வெளேரென்று கிடக்கும். ‘கொடைக்கானலில் பனிப்பொழிவு, காஷ்மீராக மாறியது நம்ம மலை’ என்று கீழே யாரோ எழுதியிருப்பார்கள். தெருவில் காஷ்மீரின் குல்மார்க் போய்வந்த குடும்பம் ஒன்று இருந்துவிட்டால் பேச்சு இன்னும் ஒரு படி ஏறும். அங்கே பனிச்சறுக்கு விட்டே ஊர் பிழைக்கிறதே, நம்ம ஊர் மலையிலும் அரசாங்கம் செய்தால் என்ன?

கேட்பவர்கள் விவரமில்லாதவர்கள் அல்ல. ஆனால் அந்தக் கேள்விக்குள் சில தவறான எண்ணங்கள் இருக்கின்றன. குளிரடித்தால் பனி பெய்யும் என்பது ஒன்று. பனி இருந்தால் பனிச்சறுக்கு ஊர் தானாக வந்துவிடும் என்பது இன்னொன்று. கொடைக்கானல் என்ற ஊர் ‘வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது’ என்பது மூன்றாவது. சுற்றுலா தலம் என்று நாம் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிற மலை ஊர்கள் உண்மையில் எப்படி உருவாயின என்று பார்த்தால் மூன்றும் ஒரே இடத்தில் வந்து முட்டும்.

மேலே போகப் போக ஏன் குளிர்கிறது?

‘மலை மேகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதனால் குளிர்கிறது’ என்று பெரியவர்களே சொல்லக் கேட்டிருப்பீர்கள். உயரமாகப் போனால் சூரியனுக்குத்தானே பக்கத்தில் போகிறோம், இன்னும் சுட வேண்டாமா என்று குழந்தை கேட்டால் அங்கே பதில் நின்றுவிடும்.

காற்று இறங்கிப்போகட்டும் என்று சைக்கிள் டயரின் வால்வை அழுத்தியிருக்கிறீர்களா? வெளியே வரும் காற்று விரலில் சில்லென்று படும். உள்ளே நெருக்கிப் பிடித்து வைக்கப்பட்டிருந்த காற்று, வெளியே வந்ததும் விரிகிறது. விரிவதற்குச் செலவாகும் ஆற்றலைத் தன் வெப்பத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அதனால் குளிர்கிறது.

மலைக்காற்றுக்கும் இதுதான் நடக்கிறது. மதுரைச் சமவெளியில் நம் தலைக்கு மேல் பல கிலோமீட்டர் உயரக் காற்று அழுத்திக்கொண்டு இருக்கிறது. அந்தக் காற்று மேலே ஏறினால் அழுத்தம் குறையும், விரியும், குளிரும். சூரியன் காற்றை நேரடியாகச் சூடாக்குவதைவிட, தரையைச் சூடாக்கி அந்தத் தரை வழியாகக் காற்றைச் சூடாக்குவதே அதிகம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சராசரியாக 1 கிலோமீட்டர் உயரத்துக்கு 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். இதற்கு வெப்பக்குறைவு வீதம் என்று பெயர்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மதுரை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கொடைக்கானல் 2,100 மீட்டரில். வித்தியாசம் 2 கிலோமீட்டர், அதாவது 13 டிகிரி. மே மாதப் பகலில் மதுரையில் 38 என்றால் கொடைக்கானலில் 25 வர வேண்டும். ஆனால் அங்கே 20ஐ ஒட்டித்தான் இருக்கும். மீதிக் குளிரை மேகமும் மூடுபனியும் பிற்பகல் மழையும் கொடுக்கின்றன. ஆக, பெரியவர்கள் மேகத்தைச் சொன்னது முழுக்கத் தப்பில்லை, கடைசி ஐந்து டிகிரிக்குப் பொருந்தும்.

உறைபனி வேறு, பனிப்பொழிவு வேறு

அந்த வாட்ஸ்அப் படத்தில் இருப்பது உறைபனி. அது வானத்திலிருந்து விழுவதில்லை, தரையிலேயே உண்டாவது. மேகமில்லாத ஜனவரி இரவில் புல்வெளி தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சரிவுகளிலிருந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஏரிக்கரையும் மன்னவனூர்ப் புல்வெளியும் அப்படிப்பட்ட பள்ளங்கள். புல்லின் மேல்பரப்பு 0 டிகிரிக்கு இறங்கியதும், அதைத் தொடும் ஈரம் உறைந்து வெள்ளையாகப் படிகிறது. ஆள் உயரத்தில் வெப்பமானி வைத்தால் அதே நேரம் சில டிகிரி கூடுதலாகவே காட்டும். ஒன்பது மணி வெயில் பட்டதும் எல்லாம் தண்ணீர்.

பனிப்பொழிவு மேகத்தில் பிறக்கிறது. மேகத்துக்குள் உண்டாகும் பனித்துகள் தரை வரை உருகாமல் வர வேண்டும் என்றால், மேகத்துக்கும் தரைக்கும் நடுவிலுள்ள காற்று முழுவதும் ஏறக்குறைய உறைநிலையில் இருக்க வேண்டும். நம் வானத்தில் 0 டிகிரிக் கோடு சுமார் 5,000 மீட்டர் உயரத்தில் ஓடுகிறது. இதை உறைமட்டம் என்பார்கள். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர்தான். உறைமட்டத்தில் பாதியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே.

இங்கேதான் பலரும் வியக்கும் விஷயம் இருக்கிறது. குல்மார்க்கின் உயரம் சுமார் 2,650 மீட்டர், அதாவது ஆனைமுடி அதைவிடச் சற்று உயரம். ஆனாலும் அங்கே ஆள் உயரத்துக்குப் பனி கிடக்கிறது. குல்மார்க் 34ஆவது அட்சரேகையில் இருக்கிறது, கொடைக்கானல் 10ஆவதில். அவ்வளவு வடக்கே குளிர்காலத்தில் உறைமட்டம் மலையடிவாரம் வரை இறங்கிவிடும். அதே சமயத்தில் மத்தியதரைக் கடல் பக்கமிருந்து மேற்கத்திய இடையூறு எனப்படும் மழை அமைப்புகள் வந்து ஈரத்தைக் கொட்டுகின்றன. குளிரும் ஈரமும் ஒரே மாதத்தில் சேர்கின்றன. நமக்கோ ஈரம் ஐப்பசி, கார்த்திகையில். நல்ல குளிர் வரும் தை மாதத்தில் வானம் காய்ந்து கிடக்கும்.

இதுவரை வந்தது இது. உயரம் குளிரைக் கொடுக்கும். பனி பெய்ய உயரத்தோடு அட்சரேகையும், சரியான பருவத்தில் ஈரமும் வேண்டும். கொடைக்கானலுக்கு முதலாவது மட்டும் உண்டு. அப்படியானால் அந்த ஊர் எதை வைத்து உருவானது?

காய்ச்சலுக்குப் பயந்து ஏறியவர்கள்

முதலில் அந்தக் ‘கண்டுபிடிப்பை’ ஒதுக்கி வைத்துவிடலாம். பழனி மலையில் ஆதி காலத்துக் கற்திட்டைகள், அதாவது கற்பலகைகளை நிறுத்திக் கட்டிய ஈமச் சின்னங்கள், இன்றும் நிற்கின்றன. பளியர்களும் புலையர்களும் குன்னுவர்களும் அங்கே வாழ்ந்தவர்கள், பயிர் செய்தவர்கள். பூம்பாறையில் குழந்தை வேலப்பர் கோயில் இருக்கிறது. 1821இல் நில அளவைக்காக மேலே போன லெப்டினன்ட் வார்டு, வெள்ளகவி என்ற குன்னுவர் ஊரிலிருந்துதான் ஏறினார். வழி இருந்தது, வழி தெரிந்த ஆட்களும் இருந்தார்கள். அந்த மலையைத் தாளில் ஏற்றியவர் என்று வார்டைச் சொல்லலாம், அதற்கு மேல் வேண்டாம்.

1834இல் மதுரையின் துணை ஆட்சியர் ராட்டனும், சென்னை வருவாய் வாரியத்தைச் சேர்ந்த காட்டனும் தேவதானப்பட்டிப் பக்கமிருந்து ஏறி, செண்பகனூர் அருகே ஒரு சிறு பங்களா கட்டினார்கள். அது ஊர் ஆகிவிடவில்லை. ஊருக்கு விதை போட்டவர்கள் அதே 1834இல் மதுரைக்கு வந்து இறங்கிய அமெரிக்கப் பாதிரிமார்கள். காலராவும் காய்ச்சலும் அவர்களையும் அவர்கள் குழந்தைகளையும் கொண்டுபோயின. வெயில் காலத்தில் தப்பிக்க ஓர் இடம் தேடினார்கள்.

அவர்கள் முதலில் போனது கொடைக்கானலுக்கு இல்லை, சிறுமலைக்கு. திண்டுக்கல்லுக்குப் பக்கம், மதுரைக்கும் கிட்டே, ஏறுவதும் சுலபம். வீடும் கட்டினார்கள். ஆனால் காய்ச்சல் அங்கேயும் வந்தது. அதற்குப் பிறகுதான் 1845இல் இன்னும் உயரத்துக்குப் போய், கொடைக்கானலில் இரண்டு வீடுகள் கட்டினார்கள். சன்னிசைட், ஷெல்டன் என்று அவற்றுக்குப் பெயர். அங்கே காய்ச்சல் தொடரவில்லை.

ஏன் சிறுமலையில் வந்தது, கொடைக்கானலில் வரவில்லை? அன்றைக்கு யாருக்கும் தெரியாது. கெட்ட காற்றுதான் காய்ச்சலுக்குக் காரணம் என்று மருத்துவர்களே நம்பிய காலம் அது. மலேரியாக் கிருமியைக் கொசுவுக்குள் ரொனால்டு ராஸ் செகந்திராபாதில் கண்டது 1897இல். அதன்பிறகுதான் உயரத்தின் கணக்கு புரிந்தது. கொசு கடித்து உறிஞ்சிய கிருமி உடனே அடுத்தவருக்குத் தொற்றாது. கொசுவின் உடம்புக்குள் சில நாட்கள் வளர்ந்து பக்குவமாக வேண்டும். கொசுவுக்கென்று தனி வெப்பம் கிடையாது, வெளியே என்ன குளிரோ உள்ளேயும் அதே. 16 முதல் 18 டிகிரிக்குக் கீழே போனால் கிருமியின் வளர்ச்சி நின்றுவிடும். கொசு அதற்குமுன் செத்துப்போகும். ஆயிரம் மீட்டரை ஒட்டிய சிறுமலை அந்தக் கோட்டுக்கு வெதுவெதுப்பான பக்கம். 2,100 மீட்டர் கொடைக்கானல் ஆண்டில் பெரும்பகுதி அதற்குக் குளிரான பக்கம்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் இதுதான். இயற்கைக் காட்சி பார்த்து யாரும் அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. சிறுமலையும் அழகான மலைதான், இன்னும் பக்கம்தான். ஒரு மலை நகரமாகவும் இன்னொரு மலை வாழைத்தோட்டமாகவும் போனதற்கு ஒரு கொசுவின் வயிற்றுக்குள் நடந்த கணக்கு பெரிய காரணம்.

ஏரி வெட்டிய கலெக்டர்

அடுத்து வந்தவர்கள் உத்தியோகம் முடித்தவர்கள், விடுமுறைக்கு ஏறியவர்கள். மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863இல் ஓர் ஓடையை மறித்துக் கரை போட்டார். இன்று எல்லோரும் படகு விடுகிற 60 ஏக்கர் ஏரி அது. இயற்கை ஏரி என்று நினைத்துக்கொண்டு படம் எடுப்பவர்கள்தான் அதிகம். படகுகளைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தார். பதவி முடிந்ததும் அங்கேயே வீடு கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். 1872இல் கோக்கர் என்ற அதிகாரி மலை விளிம்பில் நடைபாதை போட்டார், கோக்கர்ஸ் வாக் அவர் பெயர்தான். 1899இல் சூரிய ஆய்வுக்கூடம் வந்தது. 1901இல் பாதிரிமார் பிள்ளைகளுக்கான பள்ளி. பைன் காடு, யூக்கலிப்டஸ் எல்லாம் நட்டுவைத்தவை. சோலைக்காடும் புல்வெளியும் இருந்த இடத்தில் நட்டார்கள், அதன் பலாபலன் தனிக் கட்டுரைக்கு உரியது.

பாதைதான் ஊர்

சரி, மேலே வீடும் ஏரியும் ஆயிற்று. போவது எப்படி? மதுரையிலிருந்து மாட்டு வண்டியில் பெரியகுளம் பக்கம் வந்து, கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பில் இறங்கி, அங்கிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் ஏற வேண்டும். குதிரை உள்ளவர் குதிரையில் போனார். மற்றவர்களை நாற்காலியிலும் டோலியிலும் வைத்து ஆட்கள் தூக்கிப்போனார்கள். பியானோ, இரும்புக்கட்டில், அரிசி மூட்டை எல்லாம் தலைச்சுமைதான். ஏறியவர்களின் பெயர்கள் தெருப்பெயர்களாக நிற்கின்றன. தூக்கியவர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை.

1875இல் ரயில் பாதை மதுரைப் பக்கம் வந்ததும் அம்மையநாயக்கனூரில் ஒரு நிலையம் எழுந்தது, அதுதான் கொடைக்கானல் ரோடு. பெயரை நம்பி இறங்கும் வெளியூர்க்காரர்கள் இன்றும் உண்டு. அங்கிருந்து மலைக்கு இன்னும் 80 கிலோமீட்டர். ஆனாலும் சென்னையிலிருந்து வருபவருக்குப் பயணம் சில நாட்களாகச் சுருங்கியது, வீடுகள் பெருகின. மேஜர் லா என்பவர் திட்டமிட்ட மலைப்பாதை இழுத்து இழுத்து 1910களில்தான் மோட்டார் வண்டிகளுக்குத் திறந்தது. இன்று வத்தலக்குண்டு தாண்டி காட்ரோட்டிலிருந்து நாம் ஏறுவது அந்த வழியில்தான்.

ஊட்டியோடு ஒப்பிட்டால் விஷயம் தெளியும். ஊட்டிக்கு அரசாங்கமே ஏறியது. 1870லிருந்து அது சென்னை மாகாணத்தின் கோடைக்காலத் தலைநகர். தலைநகர் என்றால் ரயில் வேண்டாமா? 1908இல் ஊட்டி வரை மலைரயில் போய்விட்டது. கொடைக்கானலுக்கு ஏறியவர்கள் பாதிரிமாரும் ஓய்வு பெற்றவர்களும். அவர்களுக்கு ரயில் போட யாருக்கும் அவசரமில்லை. குளிர் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்று, ஊரின் அளவு வேறு.

இன்னும் அருகில் ஓர் உதாரணம் வேண்டுமென்றால் வெள்ளகவியையே பாருங்கள். வார்டு புறப்பட்ட ஊர், கோக்கர்ஸ் வாக்கிலிருந்து கீழே எட்டிப் பார்க்கிற தூரம், கொடைக்கானலைவிடப் பழையது. நீண்ட காலம் வண்டிப்பாதையே இல்லாமல், சாமான்களைக் குதிரை முதுகில் ஏற்றிக்கொண்டு வாழ்ந்தது. அதே மலை, அதே காற்று. பாதை அந்தப் பக்கம் வரவில்லை.

இதுவரை சேர்த்துப் பார்த்தால், மலை ஊருக்கு இரண்டு பெற்றோர். ஒன்று, கீழே இருப்பவர்களின் தேவை. அது காய்ச்சலாக இருக்கலாம், வெயிலாக இருக்கலாம், இன்று போல விடுமுறையாக இருக்கலாம். இரண்டு, ஏறும் வழி. குளிர் இவற்றுக்கு இடம் கொடுக்கிறது.

பனிச்சறுக்கு ஊரும் இதே வம்சம்

குல்மார்க்கைப் பனிக்காக உருவான ஊர் என்று நினைக்கிறோம். அதுவும் வெயிலுக்குப் பயந்து ஏறிய ஊர்தான். முகலாய அரசர் ஜஹாங்கீர் காலத்திலேயே பூக்களுக்காகப் போனார்கள். ஆங்கிலேயர்கள் கோடையில் போய்க் கோல்ஃப் ஆடினார்கள். பனிக்காலத்தில் ஊர் காலியாகிவிடும். 1927இல் இரண்டு ராணுவ அதிகாரிகள் அங்கே பனிச்சறுக்கு மன்றம் தொடங்கிய பிறகும் அது சிலரின் பொழுதுபோக்காகவே இருந்தது. ஐரோப்பாவிலும் இதே கதைதான். சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ் கோடைக்கால விடுதி ஊராக இருந்தது. 1864இல் விடுதிக்காரர் யோஹான்னஸ் பாட்ருட், கோடையில் வந்திருந்த ஆங்கிலேயர்களிடம் ‘குளிர்காலத்தில் வந்து பாருங்கள், பிடிக்காவிட்டால் பயணச்செலவு என்னுடையது’ என்று பந்தயம் கட்டியதாக அந்த ஊரில் சொல்வார்கள். அங்கிருந்து குளிர்காலச் சுற்றுலா தொடங்கியதாம்.

பனிச்சறுக்கில் இறங்குவது சில நிமிடம், ஏறுவது ஒரு மணி நேரம். முழங்கால் பனியில் சறுக்குக் கட்டையைத் தூக்கிக்கொண்டு ஒரு நாளில் எத்தனை முறை ஏற முடியும்? இளவட்டங்கள்கூட இரண்டு முறைக்கு மேல் போனால் ஓய்ந்துவிடுவார்கள். அதனால் இந்த ஊர்களை மாற்றியது இழுவைக் கம்பி. 1934இல் சுவிட்சர்லாந்தின் டாவோஸில், ஓடும் கம்பியில் தொங்கும் கொக்கியைப் பிடித்துக்கொண்டே மேலே போகும் ஏற்பாடு வந்தது. 1936இல் அமெரிக்காவில் யூனியன் பசிபிக் என்ற ரயில் நிறுவனம், குளிர்காலத்தில் டிக்கெட் விற்க வேண்டும் என்பதற்காகவே சன் வேலி என்று ஓர் ஊரைக் கட்டியது. அங்கே நாற்காலி தொங்கும் முதல் லிஃப்டைச் செய்த பொறியாளர் ஜேம்ஸ் கர்ரன். கப்பலில் வாழைத்தார்களை ஏற்ற, ஓடும் கம்பியில் கொக்கி மாட்டியிருப்பார்கள். அந்தக் கொக்கியை எடுத்துவிட்டு நாற்காலியை மாட்டினார். மலைவாழைக்குப் பேர்போன நம் பக்கத்தில் இந்தக் கதை ஏனோ பரவவில்லை.

பழனியில் ரோப்காரில் ஏறியவர்களுக்கு அடிப்படை தெரியும். மேலும் கீழும் நிலையம், நடுவில் தூண்கள், சுற்றி ஓடும் கம்பி, அதைப் பற்றிக்கொண்டு பெட்டிகள். குல்மார்க்கில் கோண்டோலா என்று சொல்வது இதன் பெரிய அண்ணன். அங்கே நிலையத்துக்குள் வந்ததும் பெட்டி கம்பியிலிருந்து பிடியை விட்டு மெதுவாக நகரும். ஆட்கள் ஏறியதும் மறுபடி கம்பியைப் பற்றும். கம்பி நிற்பதே இல்லை, அதனால் வரிசை சீக்கிரம் நகர்கிறது. 1998இல் முதல் கட்டம் சுமார் 3,100 மீட்டர் வரை போனது. 2005இல் இரண்டாம் கட்டம் அஃபர்வட் மலையில் 4,000 மீட்டரை நெருங்கியது. பனி அங்கே ஆதியிலிருந்தே இருந்தது. உலகம் முழுவதிலிருந்தும் சறுக்குக்காரர்கள் வரத் தொடங்கியது கம்பி போன பிறகு.

செயற்கைப் பனி அடித்தால்?

துபாயில் குளிரூட்டிய கட்டடத்துக்குள் செய்கிறார்களே என்று கேட்பார்கள். கட்டடத்துக்குள் என்றால் மதுரையிலேயே செய்யலாம், மின்கட்டணம் கட்ட ஆள் இருந்தால். திறந்த மலையில் வேறு கதை. 1950 வாக்கில் அமெரிக்காவில் உருவான பனித்துப்பாக்கி, தண்ணீரை நுண்துளிகளாகக் காற்றில் பீய்ச்சும். அவை தரையில் விழுமுன் உறைய வேண்டும். அதற்கு ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு, −2 டிகிரி அல்லது அதற்குக் கீழே பல மணி நேரம் நிற்க வேண்டும். கொடைக்கானல் பள்ளங்களில் சில ஜனவரி விடியல்களில் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலாம். பகலில் 17, 18 டிகிரி வெயில் எல்லாவற்றையும் கரைத்துவிடும். அத்தனை தண்ணீருக்கு எங்கே போவது என்பது வேறு.

பாதை நிறைந்துவிட்டால்

பாதைதான் ஊரை உண்டாக்கியது என்றால், ஊர் திணறுவதும் பாதையில்தான் முதலில் தெரியும். 2011 மக்கள்தொகைக் கணக்கில் கொடைக்கானலில் 36,501 பேர். மே மாத சனிக்கிழமைகளில், ஊருக்குச் சற்று முன்னால் வரும் பெருமாள்மலையில் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தவர்களுக்கு மற்ற கணக்கை நான் சொல்ல வேண்டியதில்லை. ஓர் இடம் கெட்டுப்போகாமல் எத்தனை பேரை, எத்தனை வண்டியை, எவ்வளவு குப்பையைச் சமாளிக்கும் என்ற அளவைத் தாங்குதிறன் என்கிறார்கள். தண்ணீர், சாக்கடை, நிறுத்துமிடம், மலைப்பாதை எல்லாவற்றிலும் எது முதலில் தீர்கிறதோ அதுவே அந்த ஊரின் தாங்குதிறன்.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போக இ-பாஸ், அதாவது இணையத்தில் பதிந்து வாங்கும் அனுமதிச் சீட்டு, வந்தது. தாங்குதிறனை ஆராயும் வேலை சென்னை ஐஐடிக்கும் பெங்களூரு ஐஐஎம்முக்கும் போனது. அந்த முடிவு வரும்வரை, 2025 ஏப்ரல் முதல் கொடைக்கானலுக்கு சீசனில் வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று நீதிமன்றம் வரம்பு வைத்தது. ஊட்டிக்கு 6,000, 8,000. எண்ணப்படுவது வண்டிகள் என்பதைக் கவனியுங்கள். மதுரை ஆரப்பாளையத்தில் அரசுப் பேருந்து ஏறிப் போகிறவரிடம் இ-பாஸ் கேட்பதில்லை.